விட்டுக்கொடுத்தது யாருக்குரியதை?

குடும்பத்தில் பூசல் எழுந்தால், "விட்டுக்கொடுத்துப் போங்கள்" என்பதே நம் பெரியோர் கூறும் முதல் அறிவுரை. அதில் ஞானம் உண்டு. தனக்குரியதில் ஒரு பகுதியை மனமுவந்து துறப்பவன் அமைதியை விதைக்கிறான். ஆயின், இருவர் தம்முள் இணக்கமாக வாழ வேண்டி, மூன்றாமவன் ஒருவனுக்குரியதை விட்டுக்கொடுத்தால் அதனையும் சமாதானம் என்றே அழைக்கலாமா? அந்த மூன்றாமவனை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டுச் செய்த உடன்பாடு நிலைக்குமா?

இவ்வினாவோடு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றை அணுகுவோம். 1787 முதல் 1861 வரை, எழுபது ஆண்டுகளுக்கு மேலாக, அடிமைமுறை பற்றிய பூசலை அந்நாடு உடன்பாடுகளால் ஆற்ற முயன்றது. முடிவில் உடன்பிறந்தாரே ஒருவரையொருவர் கொன்ற உள்நாட்டுப் போரில் போய் விழுந்தது.

மறைக்கப்பட்ட சொல்

1787இல் பிலடெல்பியா நகரில் கூடியோர் வகுத்த அரசியலமைப்பில் 'அடிமை' என்னும் சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் அடிமைமுறை இருந்தது. பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுகையில் அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு சேர்க்கப்பட்டது. அடிமைகளை இறக்குமதி செய்வதை 1808 வரை தடை செய்யலாகாது என்றும், தப்பியோடியவர் திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும் விதிகள் அமைந்தன. சொல்லை எழுத நாணியவர்கள் செயலை விட்டுவிட நாணவில்லை, துணியவுமில்லை.

அந்நாளில் அடிமைமுறை தானே பட்டுப்போகும் என்று நம்பியோர் பலர். பென்சில்வேனியா மாநிலம் 1780இலேயே அதனைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் 1793இல் எலி விட்னி பருத்திக் கொட்டையை நீக்கும் பொறியை உருவாக்கினார். தெற்கு மாநிலங்களில் பருத்தி பரவியது. பருத்தியோடு அடிமைமுறையும் பரவியது. 1790இல் ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860இல் 40 இலட்சத்தை நெருங்கியது. மனிதரை விலைபேசுவதும் ஈடு வைப்பதும் பொருளாதாரத்தின் அடித்தளமாயின.

விலை ஏறிய அமைதி

புதிய மாநிலங்கள் சேர்ந்தபோதெல்லாம் பூசல் மீண்டும் தலைதூக்கியது. 1820இல் மிசூரி அடிமைமுறை உள்ள மாநிலமாகவும், மெய்ன் அது இல்லாத மாநிலமாகவும் சேர்வதென உடன்பாடு செய்தனர். பிரான்சிடமிருந்து வாங்கிய மேற்கு நிலப்பரப்பில், மிசூரி நீங்கலாக, 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கே அடிமைமுறை கூடாதென எல்லை வகுத்தனர். அமைதி திரும்பியதாக எண்ணினர். நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ஜெபர்சனோ, இச்செய்தி நள்ளிரவில் ஒலிக்கும் தீயபாய மணிபோலத் தம்மைத் திடுக்கிடச் செய்ததாக நண்பர் ஒருவருக்கு எழுதினார்.

அமைதியைக் காக்க அடுத்து வாய்கள் அடைக்கப்பட்டன. 1836 முதல் 1844 வரை, அடிமைமுறையை எதிர்க்கும் விண்ணப்பங்களைப் பிரதிநிதிகள் சபை விவாதமின்றி ஒதுக்கியது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் எட்டாண்டுகள் போராடி அவ்விதியை நீக்கச் செய்தார்.

மெக்சிகோவோடு 1846 முதல் 1848 வரை நடந்த போரில் கிடைத்த நிலம் புதிய பூசலை எழுப்பவே, 1850இல் மற்றோர் உடன்பாடு பிறந்தது. கலிபோர்னியா அடிமைமுறை இல்லாத மாநிலமாயிற்று. அதற்கு ஈடாகத் தெற்கு பெற்றவற்றுள், தப்பியோடிய அடிமைகள் பற்றிய கடுஞ்சட்டமும் ஒன்று. அதன்படி, பிடிபட்டவர் தமக்காகச் சாட்சி சொல்ல இயலாது. ஜூரி விசாரணை இல்லை. அவரை அடிமைத்தளைக்கே திருப்பி அனுப்பும் ஆணையருக்குக் கட்டணம் 10 டாலர், விடுவிக்கும் ஆணையருக்கு 5 டாலர். தெருவில் நிற்கும் எந்தக் குடிமகனையும் அவரைப் பிடிக்க உதவுமாறு கட்டளையிடலாம்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அதுவரை வடக்கில் வாழ்ந்த நல்லவர், "அது தெற்கத்தியாரின் பாவம், நமக்கென்ன" என்று ஒதுங்கியிருக்க முடிந்தது. இப்போதோ சட்டமே அவர் கையில் கயிற்றைக் கொடுத்தது. 1854இல் பாஸ்டன் நகரில் ஆண்டனி பர்ன்ஸ் என்பவரைப் படைவீரர்கள் புடைசூழக் கப்பலுக்கு நடத்திச் சென்றபோது, மக்கள் திரள் தெருவெங்கும் நின்றது. கட்டடங்களில் துக்கத்தின் கறுப்புத் துணிகள் தொங்கின. ஒதுங்கி நின்ற பலரின் மனச்சான்று அன்று விழித்தது.

அதே ஆண்டில் கான்சஸ், நெப்ராஸ்கா பற்றிய சட்டம் 1820இன் எல்லைக்கோட்டை அழித்தது. கான்சஸ் மண்ணில் குருதி சிந்தியது. 1856இல் செனட் சபைக்குள்ளேயே, அடிமைமுறையைச் சாடிப் பேசிய சார்ல்ஸ் சம்னரைத் தெற்கின் பிரதிநிதி ஒருவர் கைத்தடியால் அடித்து வீழ்த்தினார். சொல் தோற்ற இடத்தில் தடி பேசியது. தடிக்குப் பின் துப்பாக்கி பேச நெடுங்காலம் ஆகவில்லை.

நம் இல்லத்தின் பங்கு

இவ்வரலாற்றைப் பிறர் கதையாகப் படித்துவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பின மக்கள் அந்நாட்டின் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி ரோஜர் டேனி கத்தோலிக்கர். தம் அடிமைகளை விடுவித்தவர். தனிவாழ்வில் இரக்கம் உடையவராய் இருந்தவரே நீதி இருக்கையில் அமர்ந்து இலட்சக்கணக்கானோரின் கதவை அடைத்தார். தம் தீர்ப்பு பூசலை முடித்துவைக்கும் என்று நம்பினார். அதுவோ பூசலைப் போரின் வாயிலுக்கு நகர்த்தியது.

1838இல் மேரிலாந்து இயேசு சபையார் தம் அடிமைகள் 272 பேரை லூசியானாவின் தோட்ட உரிமையாளருக்கு விற்க ஒப்பந்தம் செய்தனர். குடும்பங்களைப் பிரிக்கலாகாது, பணத்தால் கடனடைக்கலாகாது என்று உரோமையிலிருந்து சபைத் தலைவர் விதித்த நிபந்தனைகள் மீறப்பட்டன. பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனைத் தீர்த்தது. மறு ஆண்டு, 1839இல், திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வணிகத்தைக் கண்டித்து மடல் விடுத்தார். அது உள்நாட்டு அடிமைமுறையைக் குறிக்கவில்லை என்று சார்ல்ஸ்டன் ஆயர் ஜான் இங்கிலாந்து விளக்கம் எழுதினார். 1844இல் மெதடிஸ்ட் சபையும் 1845இல் பாப்டிஸ்ட் சபையும் இவ்வினாவால் பிளவுண்டன. நாம் பிளவுபடவில்லை. அந்த ஒற்றுமையைப் பெருமையாகக் கூற நா எழவில்லை, ஏனெனில் மௌனமே அதன் விலை. 2017இல் இயேசு சபையாரும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்களிடம் மன்னிப்புக் கேட்டனர். அதற்கு 179 ஆண்டுகள் ஆயின.

வெளியே நின்றவர் குரல்

உடன்பாடு செய்தோர் அனைவரும் கோழைகள் என்று கூறுவது நீதியாகாது. அவர்கள் அஞ்சிய போர் கற்பனைப் போரன்று. 1861 ஏப்ரலில் தொடங்கி 1865இல் முடிந்த அப்போரில் மாண்டோர் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். 1859இல் ஜான் பிரவுன் வாளேந்தியபோது நல்லோர் பலர் நடுங்கியதும் இதனால்தான். போரை வெறுத்தது அவர்களது குற்றமன்று. போர் வராமலிருக்கும் விலையைத் தம் பையிலிருந்து கொடாமல், பேச்சுரிமையற்ற மக்களின் முதுகிலிருந்து எடுத்துக் கொடுத்ததே குற்றம். 7 இலட்சம் பேர் தளையிலிருந்த நாளில் செலுத்தியிருக்கக்கூடிய கடனை 40 இலட்சம் பேராகும் வரை வளரவிட்டார்கள். வட்டியைப் பேரப்பிள்ளைகள் குருதியால் கட்டினர்.

வெளியே நின்றவர்கள் வாய்மூடி நின்றனர் என்பதும் பொய். 1838இல் தப்பிவந்த பிரடெரிக் டக்ளஸ் ஊரூராய்ப் பேசினார். 1852இல், நாடு கொண்டாடும் விடுதலை நாள் அடிமைக்கு என்ன பொருள் தரும் என்று கேட்டார். குரல் இருந்தது. கேட்கும் செவிகள் குறைவாக இருந்தன.

இருதரப்பாரும் ஒரே மறைநூலைப் படித்து ஒரே கடவுளிடம் மன்றாடியதை 1865இல் லிங்கன் நினைவூட்டினார். தெற்கின் போதகர்கள் கானானின் சாபத்தையும், பிலமோனிடம் திரும்பிச் சென்ற ஒனேசிமுவையும் மேற்கோள் காட்டினர். ஒனேசிமுவை இனி அடிமையாக அன்றி, அன்புச் சகோதரனாக ஏற்கவேண்டும் என்று பவுலடியார் அதே மடலில் கேட்டுக்கொண்டதை அவர்கள் கடந்து சென்றனர். அமைதியில்லாதபோது அமைதி என்று முழங்கியவர்களை எரேமியா கடிந்துகொண்டார். காயத்தை ஆற்றாமல் மேலே கட்டுப்போடுவது அவர் கண்டித்த பாவம்.

நம் இல்லங்களிலும் பங்குகளிலும் சமாதானம் பேச நாம் அடிக்கடி அமர்கிறோம். நல்ல செயல்தான். ஆயினும் உடன்பாட்டில் கையொப்பமிடும் முன் வாயிற்கதவைத் திறந்து பார்ப்போம். நாம் விட்டுக்கொடுப்பது நமக்குரியதையா, வெளியே நிற்பவருக்குரியதையா? நமக்குரியதாயின் மகிழ்ந்து கொடுப்போம். அவருக்குரியதாயின், முதலில் அவருக்கு ஓர் இருக்கை இடுவோம்.