வாடியும் வாடிவீடும்

விலை கொடுத்துத் தங்குபவனை விருந்தினன் எனலாமா? அம்பாறைக் கரையோரத்தில் இவ்வினா ஏட்டளவில் நிற்கவில்லை. கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தெற்கே சென்று பொத்துவிலை அடைந்தால், அதன் அயலிலுள்ள அறுகம்பைக் கரையில், குடும்பங்கள் தம் வீட்டின் ஓர் அறையைப் பயணிகளுக்கு விட்டுக் காலையுணவும் கொடுத்து வாழ்வதைக் காண்கிறோம். சித்திரை தொடங்கி ஐப்பசி வரை, அலைச்சறுக்கு விளையாட்டின்பொருட்டு உலகின் பல நாடுகளினின்றும் ஆட்கள் வருகின்றனர். காலையில் பிட்டும் சம்பலும் மீன்கறியும் கிடைக்கின்றன. புறப்படும்போது கணக்குத் தீர்க்கப்படுகிறது.

இதைக் கண்டு மனம் நோவோர் நம்மிடையே உளர். விருந்தும் சந்தைச் சரக்காகிவிட்டதே என்பது அவர்தம் முறையீடு. அதற்கு மரபின் வலுவும் உண்டு. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். விருந்து உபசாரம் மூன்று நாள், அதற்கு மேற்பட்டது தருமம் என்பது நபிமொழி. ஸக்காத்துப் பெறத்தக்க எண்வகையினருள் வழிப்போக்கரையும் குர்ஆன் சேர்த்திருக்கிறது. சொந்த ஊரில் செல்வனாயிருப்பவனும் வழியில் கைவறண்டால் வறியவனே என்னும் நுண்ணுணர்வு அதில் அடங்கியுள்ளது. நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் கொடியேற்ற விழா நிகழ்கிறது. அங்கு கந்தூரிச் சோற்றுக்கு எவரும் விலை கேட்பதில்லை.

இக்கரையின் சரித்திரத்திலேயே புகலிடத்தின் கதையொன்று உண்டு. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளினின்று முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என வரலாற்றாசிரியர் எழுதுவர். (அம்பாறை தனி மாவட்டமானது 1961இலேதான்; அதற்கு முன் இக்கரை முழுவதும் மட்டக்களப்பே.) விரட்டப்பட்டு வந்தோரை ஏற்றுக்கொண்ட மண்ணில், அறைக்கு நாள்வாடகை எழுதிய பலகை தொங்குவது சிலருக்கு உறுத்துவதில் வியப்பில்லை.

ஆயினும் அம்முறையீடு ஒன்றை மறைத்துவிடுகிறது. விலையின்றி அளிக்கப்பட்ட அந்த விருந்தைச் சமைத்தவர் யார்? மாவிடித்தவர் யார்? நள்ளிரவில் கணவனோடு வந்த நண்பருக்காக அவிந்த அடுப்பை மீண்டும் மூட்டியவர் யார்? முன் விறாந்தையில் அமர்ந்து, "வாங்க, இரிங்க" என்றவருக்கே புகழனைத்தும் சேர்ந்தது. புகைக்குள் நின்றவளுக்கு என்ன கிடைத்தது?

கிழக்கிலங்கையில் இம்முரண்பாடு மேலும் கூர்மையானது. இங்குத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பொதுவாகக் கொண்டவர்கள். வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்கிறது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்காகப் பெற்றோர் மீண்டும் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்குவர். நுணுகிப் பார்த்தால் கணவனே அங்கு ஒருவகை விருந்தினன்தான்! வீடு அவளது, உழைப்பும் அவளது. விருந்தோம்பும் பெருமை மட்டும் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகையால் அறைக்கு வாடகை பெறுவதை இழிவென்று நாம் கொள்ளவில்லை. அன்பு, பண்பு, கடமை என்னும் பெயர்களுக்குள் மறைந்துகிடந்த வேலைக்கு ஒரு கணக்காவது எழுதப்படுகிறது. அக்கணக்கில் வரும் பணம் எவர் கையில் விழுகிறது என்பதே நம் கவலை. இணையத் தளத்தின்வழி அறை விடுவோரிடம் அத்தளம் தன் தரகைப் பிடித்துக்கொள்கிறது. எஞ்சியது, விரிப்புத் துவைப்பவளைச் சென்றடையும் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை. அவ்வாறு சென்றடையாதவிடத்து, பழைய விருந்தின் அநீதியே புதிய வாடகையிலும் தொடர்கிறது.

இனிப் பயணியின் பக்கம் பார்ப்போம். கணக்குத் தீர்த்ததும் அவன் கடனும் தீர்ந்துவிட்டதா? ஜேர்மன் தத்துவஞானி காண்ட், நிலைத்த சமாதானம் பற்றி 1795இல் எழுதிய நூலில், அந்நியனுக்கு வந்து காணும் உரிமை உண்டு, ஆனால் அவ்வூரில் குடியிருந்து உண்ணும் உரிமை தனி உடன்பாட்டால் மட்டுமே வரும் என வாதித்தார். வணிகம் செய்யவென்று பிறர் கரையில் இறங்கிய ஐரோப்பியர், வருகையையும் வெற்றிகொள்ளலையும் ஒன்றாகவே கருதியதை அவர் வன்மையாகக் கண்டித்தார். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மூவரையும் கண்ட நமக்கு அவ்வாதம் புதிதன்று. ஆனால் இன்று வருபவன் துப்பாக்கியோடு வருவதில்லை; அவன் பொருட்டு இடத்தை ஒழித்துக் கொடுக்கும் வேலையை வேறு சிலர் செய்கின்றனர்.

ஈழத்து வழக்கில், மீனவர் கரையில் அமைக்கும் குடிலுக்கு வாடி என்று பெயர். அரச அலுவலர் பயணத்தில் தங்குவதற்கென அந்நிய ஆட்சியில் எழுந்த விடுதிக்கு வாடிவீடு என்று பெயர். சொல்லில் உறவு உண்டு. கரையில் உரிமை இரண்டுக்கும் ஒன்றாய் இருந்ததில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் இலங்கையின் மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறையே. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் கரையோர வரிசை வீடுகள் துடைத்தெறியப்பட்டன. 2005இல் வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்றது அரசு; தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். ஆனால் சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அறுகம்பையைப் பெரும் சுற்றுலா நகராக்கும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. மீனவர் கொதித்தெழுந்தனர், தூரவிதி பின்னர் தளர்த்தப்பட்டது.

அலைக்கு அஞ்சி இயற்றிய விதியாயின், அந்த அலை பயணியைத் தொடாது விட்டுவிடுமோ? தோணியும் கரைவலையும் உடையவனுக்குக் கரை தொழிற்சாலை. சாளரத்தைத் திறந்து கடலைப் பார்ப்பவனுக்கு அது காட்சி. காட்சிக்கு இடமளித்துத் தொழிலை உள்நாட்டுக்குத் தள்ளும் ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று அழைத்தனர்.

குடும்பம் நடத்தும் சிறு விடுதியை இத்தகைய பெருந்திட்டத்தோடு சேர்த்துப் பழிப்பது நியாயமன்று. கச்சான் காற்றுக் காலத்தில் தன் அறையை வாடகைக்கு விடும் வீட்டினர், அதே வீட்டில் அடுத்த அறையிலேயே உறங்குகின்றனர். பெருந்திட்டம் அவர்களையும் அப்புறப்படுத்தவே வந்தது. அங்கு தங்கும் பயணி, தன் வாடகை படுக்கைக்கும் பிட்டுக்கும் மட்டுமே உரியது என்பதை அறிந்திருக்கவேண்டும். கரையை அவன் வாங்கவில்லை. காலையில் வலையிழுப்போரின் கூச்சல் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று முறையிடவும் அவனுக்கு உரிமை இல்லை.