தோமாவின் எட்டு நாட்கள்

சபைக்குப் போவதை ஒருவர் குறைத்துக்கொண்டால் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அதற்கு ஒரே பெயர்தான்: ‘பின்வாங்கிப் போயிட்டான்.’ சேகரக் கமிட்டித் தேர்தலில் நடந்த கூத்தைப் பார்த்து மனம் வெறுத்தவரும் பின்வாங்கினவர்தான். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியோடு இரவெல்லாம் புரண்டுகொண்டிருப்பவரும் பின்வாங்கினவர்தான். இருவருக்கும் மருந்தும் ஒன்றே. “ஜெபத்துல குறைஞ்சிட்டீங்க தம்பி. மூணு நாள் உபவாசம் இருந்து பாருங்க, எல்லாம் சரியாயிரும்.”

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். கோளாறு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் எதிலும் கை வைக்காதே என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். சபையின் மீது வரும் கசப்பும் விசுவாசத்தின் மீது வரும் சந்தேகமும் வெவ்வேறு இடத்துக் கோளாறுகள். ஒன்று மற்றொன்றுக்கு இட்டுச் செல்லலாம், ஆனால் ஒன்றல்ல. காணிக்கைக் கணக்கைக் கேட்டவரிடம் ‘உங்க விசுவாசம் பலவீனமாயிருச்சு’ என்று சொல்வது ஆறுதலைப் போலத் தோன்றும். உண்மையில் அது கேள்வியைக் கேட்டவர் மேலேயே திருப்பி விடுகிற வேலை.

முதல் கோளாறுக்குப் பழைய வரலாறு உண்டு. 303இல் ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தத் தொடங்கியபோது, உயிருக்குப் பயந்து வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த குருமார்கள் இருந்தார்கள். துன்பம் ஓய்ந்த பிறகு வட ஆப்பிரிக்காவில் ஒரு கூட்டம் கேட்டது: காட்டிக்கொடுத்தவன் கையால் பெற்ற ஞானஸ்நானம் செல்லுமா? டொனாட்டிஸ்டுகள் என்று அவர்களுக்குப் பெயர். செல்லாது என்று சொல்லித் தனிச் சபையாகவே இயங்கினார்கள். நூறாண்டு கழித்து அவர்களுக்குப் பதில் சொன்னவர் அகஸ்டின். ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்துவே, குருவானவர் வெறும் கை. கோதுமையும் களையும் அறுவடை வரை ஒரே வயலில்தான் வளரும் என்றார். டொனாட்டிஸ்டுகளும் சளைக்கவில்லை. அந்த உவமையில் வயல் என்பது உலகம், சபை அல்ல என்று சுட்டிக்காட்டினார்கள். உவமைக்குச் சுவிசேஷமே தருகிற விளக்கம் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது.

ஆனாலும் நான் அகஸ்டின் பக்கம்தான் சாய்கிறேன். சுத்தமானவர்கள் மட்டும் இருக்கும் சபை வேண்டுமென்றால் முதலில் வெளியேற வேண்டியவன் நானாக இருப்பேன். அதே சமயம் அகஸ்டினின் வாதம் எங்கே போய் நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். 411இல் கார்த்தேஜில் நடந்த விசாரணையில் டொனாட்டிஸ்டுகளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அரசின் தடியைக் கொண்டு அவர்களைத் திரும்பக் கொண்டுவருவதை அகஸ்டினே நியாயப்படுத்தினார். ‘குறைகளோடு சேர்ந்தே இரு’ என்ற நல்ல வார்த்தை, அதிகாரம் உள்ளவன் வாயில் ‘வாயை மூடிக்கொண்டு இரு’ என்று மாறிவிடும். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நிற்கும் சுவரைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தாத்தாவைப் புதைத்தவரிடம் போய்க் கோதுமை, களை என்று உபதேசிக்க எனக்கு வாய் வராது. அடி வாங்குகிறவரை ‘அங்கேயே இரு’ என்று சொல்வது ஆலோசனை அல்ல. அவர் விலகினால் அதைப் பின்வாங்குதல் என்று எழுதிவைக்கவும் யாருக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது கோளாறு வேறு. சபை நல்ல சபைதான், ஐயர் நல்லவர், பாட்டுகூட நன்றாக இருக்கிறது. ஆனால் விசுவாசப் பிரமாணம் சொல்ல எழுந்து நிற்கும்போது சில வரிகள் தொண்டையில் நிற்கின்றன. என் நிலை இதுதான். போன வருஷம் வரை இது எனக்கும் என் மௌனத்துக்கும் இடையிலான விஷயம். மகள் பிறந்தாள், ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்தார்கள். பெற்றோர் சபைக்கு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். மனைவிக்குச் சிக்கல் இல்லை, அவள் விசுவாசி. நான் சொன்னால் பொய்; சொல்லாவிட்டால் குடும்பமே தலைகுனியும். “இதெல்லாம் பிசாசு கொண்டு வர்ற யோசனை ராசா, பேசாம சொல்லிட்டு வா” என்றாள் அத்தை.

அத்தை சொன்னதில் பாதியைத்தான் ஒதுக்க முடிந்தது. பிசாசை விட்டுவிடலாம். ‘பேசாம சொல்லிட்டு வா’ என்பதுதான் உண்மையான கேள்வி. முழுதாக நம்பாததை ஊரோடு சேர்ந்து சொல்வது பொய்யா?

பிரமாணங்களின் இலக்கணம் இங்கே கொஞ்சம் உதவுகிறது. 325இல் நைசியாவில் கூடியவர்கள் எழுதிய பிரமாணம் கிரேக்க மூலத்தில் ‘விசுவாசிக்கிறோம்’ என்று பன்மையில் தொடங்குகிறது. அப்போஸ்தலர் பிரமாணத்தின் வேர் ஞானஸ்நானக் கேள்விகளில் இருப்பதால் அது ‘விசுவாசிக்கிறேன்’ என்று ஒருமையில் நிற்கிறது. சபை பேசும்போது ‘ஓம்’, ஆள் பேசும்போது ‘ஏன்’. தமிழில் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே, ‘நாம்’ என்றால் உள்ளே. கர்த்தருடைய ஜெபத்தில் பிதாவை ‘எங்கள்’ என்றே அழைக்கிறோம், ‘என்’ என்று தனியாக யாரும் அழைப்பதில்லை. அந்த ‘எங்கள்’ என்ற சொல்லுக்குள் உறுதியாக நம்புகிறவரும் பாதி நம்புகிறவரும் ஒன்றாக நிற்க இடம் இருக்கிறது.

மாற்கு சுவிசேஷத்தில் நடக்க முடியாத ஒருவனை நான்கு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு பார்த்ததாகச் சொல்லப்படுவது ‘அவர்கள்’ விசுவாசம். படுத்திருந்தவன் என்ன நினைத்தான் என்று யாரும் கேட்கவில்லை. குழந்தை ஞானஸ்நானமே இந்தக் கடன் வாங்கிய விசுவாசத்தில்தான் நிற்கிறது. குழந்தை கடன் வாங்கலாம் என்றால் அப்பனும் கொஞ்சம் வாங்கலாம்.

இதையே சாக்காக வைத்து எதையும் வாயசைத்துவிட்டு வந்துவிடலாமே என்று கேட்கலாம். ஒரு அளவுகோல் வேண்டும். எனக்குத் தெரிந்தது இதுதான்: நான் சொல்வதை நம்பி ஏமாறக்கூடியவருக்கு என் உண்மை நிலை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் அது பொய்யல்ல, வழிபாடு. தெரியாமல் மறைத்தால் நாடகம். அதனால் ஐயரிடம் போய்ச் சொன்னேன். அவர் அதிரவும் இல்லை, வாதாடவும் இல்லை. “சொல்ல முடியிறத சத்தமா சொல்லுங்க தம்பி. முடியாத எடத்துல சும்மா நில்லுங்க. மத்தவங்க சொல்லிக்கிட்டுதானே இருப்பாங்க” என்றார். அப்படியே செய்தேன். பிள்ளையை வளர்ப்பது பற்றிய வாக்குறுதியை முழுக் குரலில் சொன்னேன். இரண்டு இடங்களில் சும்மா நின்றேன்.

எல்லோருக்கும் இந்த வழி பொருந்தாது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வேய் கிறிஸ்துவை நேசித்தும் திருச்சபைக்கு வெளியே, வாசற்படியிலேயே நின்றார். வெளியே நிற்பவர்களை விட்டுவிட்டு உள்ளே போக அவருக்கு மனமில்லை. அன்னை தெரசா உள்ளேயே இருந்தார். 1997இல் அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து வெளியான கடிதங்கள், ஏறக்குறைய ஐம்பது வருடம் அவர் கடவுளின் அருகாமையை உணராமலே வேலை செய்ததைக் காட்டின. அவரைப் பின்வாங்கினவர் என்று யார் சொல்வது?

‘சந்தேகத் தோமா’வைப் பற்றி ஞாயிறு பள்ளியில் எச்சரிக்கையாகவே சொல்லிக் கொடுத்தார்கள். சென்னையில் சாந்தோமும் பரங்கிமலையும் அவர் பெயரைச் சுமக்கின்றன. நம் கரைக்கு வந்ததாக மரபு சொல்லும் சீடர் சந்தேகப்பட்டவர்தான். யோவான் சுவிசேஷத்தைக் கவனமாகப் படித்தால் தோமா அதிகமாக எதையும் கேட்கவில்லை. மற்றச் சீடர்களுக்குக் காட்டப்பட்ட கைகளையும் விலாவையும்தான் அவரும் கேட்டார். பெண்கள் வந்து சொன்னபோது அந்த மற்றவர்களும் நம்பவில்லை என்கிறது லூக்கா. தோமா கேட்டதற்கும் அவருக்குப் பதில் கிடைத்ததற்கும் நடுவில் எட்டு நாட்கள். அந்த நாட்களில் என்ன நடந்தது என்று சுவிசேஷம் சொல்லவில்லை. எட்டாம் நாள் அவரும் அதே அறையில் இருந்தார் என்று மட்டும் சொல்கிறது. அவர் எழுந்து போகவில்லை. போகச் சொல்லவும் யாரும் இல்லை.

சந்தேகத்தோடு இருப்பவருக்குச் சபை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் அந்த எட்டு நாட்களைத்தான் காட்டுவேன். வாதத்தில் ஜெயிக்க வேண்டாம், மூன்று நாள் உபவாசக் கெடுவும் வேண்டாம். எங்கள் ஊர் அசனப் பண்டிகையில் பந்தியில் உட்காருகிறவரிடம் ‘நீங்க விசுவாசியா’ என்று கேட்பதில்லை. இலை போட்டுச் சோறு வைப்பார்கள். என் மகள் ஒருநாள் “அப்பா, நீங்க நம்புறீங்களா?” என்று கேட்பாள். அன்றைக்கு எது உண்மையோ அதைச் சொல்வேன். சொல்லிவிட்டு அவளோடு கோயிலுக்கும் போவேன்.