நன்றியும் நடுவுநிலையும்

கொடுத்தல் அறம் என்பதில் இந்நாட்டில் வேரூன்றிய சமயங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பெற்றவர் கொடுத்தவரை மறவாதிருத்தலும் அறமே என்பதிலும் வேறுபாடு இல்லை. ஆயினும் இவ்விரண்டு அறங்களும் ஒருங்கே கூடித் தீமையை விளைவிக்கும் இடம் ஒன்று உண்டு. பிறர் சார்பில் அதிகாரத்தை ஏற்கப்போகும் ஒருவர், அப்பிறர் அல்லாத வேறொருவரிடம் பொருள் பெறும் இடம் அது. வேட்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்படும் கட்டத்தில் தொகுதிக்கு வெளியிலிருந்து வரும் பெரும்பணத்தை இலஞ்சம் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட்டால் இதன் ஆழம் புலப்படாது. கொடுத்தவர் எதையும் கேளாதபோதும், பெற்றவர் நேர்மையாளராகவே இருக்கும்போதும் அப்பணம் ஏன் தீங்காகிறது என்பதே ஆராயத்தக்க வினா.

இதற்கான விடையின் தொடக்கம் திருக்குறளின் அதிகார வைப்புமுறையிலேயே இருக்கிறது. செய்ந்நன்றியறிதல் 11ஆம் அதிகாரமாகவும், பகைவர், அயலார், நண்பர் ஆகிய மூவரிடத்தும் அறம் வழுவாமல் ஒத்து நிற்பதாகிய நடுவு நிலைமை 12ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. நன்மை செய்தவரிடத்து அந்நன்மையை நினைக்கும்போது நடுவுநிலை சிதையக்கூடும் என்பதாலும், அவ்விடத்திலும் அது சிதையலாகாது என்பதாலுமே இவ்வாறு வைக்கப்பட்டது என்று பரிமேலழகர் காரணம் காட்டுகிறார். இது உரைநுட்பம் மட்டுமன்று. பகைமையால் முறை தவறுபவர் தாம் தவறுவதை உள்ளூர உணர்வார்; நன்றியால் தவறுபவரோ தாம் அறம் செய்வதாகவே எண்ணுவார். ஆகவே தீயவரை அன்றி நல்லவரையே எளிதில் வீழ்த்தும் கண்ணி நன்றிக்கடன் என்பது இவ்வுரையிலிருந்து பெறப்படுகிறது.

அப்படியாயின் எவ்வகைக் கொடை கண்ணியாகாது? வறியவர்க்குத் தருவதே ஈகை என்றும், ஏனையவெல்லாம் அளவு குறித்துக் கொடுத்துத் திரும்பப் பெறும் கைமாற்றின் தன்மையுடையன என்றும் ஈகை அதிகாரம் வரையறுக்கிறது. பகவத்கீதையின் 17ஆம் அத்தியாயம், கைம்மாறு செய்ய இயலாதவருக்குத் தருவதைச் சாத்விக தானம் என்றும், பதிலுதவியை நோக்கித் தருவதை இராஜச தானம் என்றும் பிரிக்கிறது. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், தருமத்தை வெளிப்படையாகச் செய்வதும் நன்றே எனினும், மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் சிறந்தது என்கிறது. மறைவான கொடையின் சிறப்பு இங்கே ஏழைகளோடு சேர்த்தே பேசப்படுவதைக் கருத வேண்டும். வரி தண்டச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, இது அரசுக்கு உரியது, இது தமக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் இவ்வன்பளிப்பு வந்திருக்குமா என்று நபிகள் நாயகம் வினவியதாக ஹதீஸ், அதாவது நபிமொழித் தொகுப்பு, கூறுகிறது. ஆளைத் தேடி வருவதற்கும் பதவியைத் தேடி வருவதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உரைகல் அரிது.

பதவியைத் தேடி வரும் பொருளைப் பற்றிய இவ்வினா தமிழகத்தின் சேலம், நாமக்கல் சமவெளிக்குப் புதிதன்று. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917இல் அந்நகராட்சியின் தலைவரான இராஜாஜி, 1922 ஜனவரியில் வேலூர்ச் சிறையில் எழுதிய நாட்குறிப்பில், விடுதலை கிடைத்தவுடன் தேர்தல்களும் அவற்றின் ஊழல்களும் செல்வத்தின் கொடுங்கோன்மையும் வாழ்வை நரகமாக்கும் என்று அஞ்சினார். அவருக்கு எதிர்முனையில் நின்ற பெரியாரின் தலைமையில், 1944 ஆகஸ்ட் 27 அன்று அதே சேலத்தில் கூடிய மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமாயிற்று. ஆங்கில அரசு வழங்கிய பட்டங்களைத் துறக்க வேண்டும், அரசு நியமனத்தால் பெற்ற கௌரவப் பதவிகளை விட்டு விலக வேண்டும் என்று அண்ணாதுரையின் பெயரால் அங்கே தீர்மானம் நிறைவேறியது. ஒருவர் செல்வத்தின் ஆட்சியை அஞ்சினார். மற்றவர் தம் கட்சியினரிடம், கொடுத்தவருக்குக் கடமைப்படுத்தும் சிறப்புகளைக் களையச் சொன்னார். சமய நோக்கில் முற்றிலும் மாறுபட்ட இருவரும் ஒத்து நின்ற இடம் இது.

இன்று இக்கேள்வி கூர்மை பெறுவது வேட்பாளர் தேர்வில்தான். அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முடிவு செய்யும் ‘பிரைமரி’ என்னும் முதல்நிலைத் தேர்தல் நடைபெறுகிறது. அதில் வாக்களிப்போர் குறைவு. ஆகவே அங்கே இறங்கும் பணத்தின் எடை மிகுதி. வேட்பாளரோடு கலந்து செயல்படாத குழுக்கள் வரம்பின்றித் திரட்டிச் செலவிட 2010இல் வந்த தீர்ப்புகள் வழிதிறந்தன. 2024 ஜூனில் நியூயார்க்கின் 16ஆம் தொகுதியில், இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஏய்பாக்கைச் சார்ந்த ஒரு குழு மட்டுமே 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் செலவிட, அப்போதைய உறுப்பினர் ஜமால் போமன் தம் கட்சிக்குள்ளேயே தோற்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு என்று வாதிடுவோர் உளர்; எனினும் தொகுதியில் வாழாதவர்கள் தந்த பணம் அங்குள்ளோரின் தேர்வில் இவ்வளவு பெரிதாக நுழையலாமா என்ற வினா அதனால் மறைந்துவிடாது.

தமிழகத்தில் அத்தகைய முதல்நிலைத் தேர்தல் இல்லை. கட்டணத்தோடு விருப்ப மனு, தலைமையின் நேர்காணல், பிறகு வேட்பாளர் பட்டியல் என்பதே நடைமுறை. தேர்தல் செலவைத் தாங்கும் வல்லமையும் தகுதிகளுள் ஒன்றாக எடைபோடப்படுவது ஊரறிந்தது. 2022இல் திருத்தப்பட்ட வரம்பின்படி, இங்கே மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாயும் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாயும் செலவிடலாம். கட்சிகளின் செலவுக்கோ வரம்பே இல்லை. எனவே வெளிப்பணம் தொகுதிக்கு நேரே வருவதில்லை. தலைமைக்குச் சென்று, அங்கிருந்து இறங்குகிறது. ராசிபுரத்திலோ சேந்தமங்கலத்திலோ யார் நிற்பது என்று முடிவாகும் முன்னரே, முடிவு செய்வோர் யாருக்கோ நன்றிக்கடன்பட்டுவிடுகிறார்கள்.

அக்கடனைக் கண்ணுக்குத் தெரியாததாக ஆக்கியது 2018இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டம். பாரத ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள பத்திரத்தை வாங்கி, பெயர் வெளியாகாமல் கட்சிக்கு அளிக்க அது வகைசெய்தது. நிறுவனங்கள் தம் இலாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கட்சிகளுக்குத் தரக்கூடாது என்றிருந்த வரம்பும் 2017இல் நீக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, வாக்காளரின் அறியும் உரிமையை மீறுவதாகக் கூறி அத்திட்டத்தை ஒருமனதாக இரத்துசெய்தது. பின்னர் வெளியான விவரங்களின்படி, பாரதிய ஜனதா கட்சி 6,000 கோடி ரூபாய்க்கு மேல் பெற்று முதலிடத்தில் இருந்தது. பத்திரங்களை மிக அதிகமாக, 1,368 கோடி ரூபாய்க்கு, வாங்கியது கோயம்புத்தூரைச் சார்ந்த ஒரு லாட்டரி நிறுவனம்; திராவிட முன்னேற்றக் கழகம் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி அந்த ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தது. லாட்டரி 2003 முதல் தடைசெய்யப்பட்ட மாநிலம் தமிழகம். அங்குள்ள வாக்காளருக்கு, அவ்விவரங்கள் வெளியாகும் வரை, இச்செய்தி தெரியாது.

பெயர் மறைத்தலுக்கு இருவகை நியாயம் சொல்லப்பட்டது. கொடையாளர் தாம் கொடாத கட்சிகளின் பழிவாங்கலுக்கு ஆளாகாமல் காக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. விளம்பரமற்ற கொடை உயர்ந்தது என்ற பொதுவான உணர்வு மற்றொன்று. இரண்டாவதே அறவியலில் ஆபத்தானது. ஏழைக்குத் தருபவர் பெயரை மறைப்பது, பெறுபவரின் மானத்தையும் தம் அடக்கத்தையும் காப்பதற்காக. அதிகாரம் உடையவருக்குத் தருபவர் மறைப்பதோ பெறுபவரிடமிருந்து அன்று, மக்களிடமிருந்து. கொடுத்தவரைக் கட்சி அறியும். ஆளப்படுவோர் மட்டுமே அறியார். மறைவு அங்கே பணிவு. இங்கே அது நன்றிக்கடனைச் சாட்சியில்லாமல் தீர்ப்பதற்கான வசதி.

மேலிருந்து இறங்கும் பணம் அடித்தளத்திலும் இதே நன்றியறத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. 2016இல் கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும், பணப் பட்டுவாடா காரணமாக வாக்குப்பதிவை நிறுத்த நேர்ந்தது. கைநீட்டி வாங்கிவிட்டு மாற்றிப் போடுவது பாவம் என்று எண்ணும் ஏழை வாக்காளரிடம் இருப்பது பேராசையன்று, வாக்குத் தவறாமை. அவருடைய நல்லியல்பே விலைக்கு வாங்கப்படுகிறது என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

பணமே இன்றித் தேர்தல் நடவாது, நன்கொடையைப் பழித்தால் செல்வர்கள் மட்டுமே நிற்க முடியும் என்ற மறுப்பு வலுவானது. அதற்கு விடை கொடையை விலக்குவதன்று, கடனை மக்களிடமே கொண்டுசெல்வது. 1967 தேர்தலுக்கு 10 லட்சம் ரூபாய் இலக்கு வைத்திருந்த திராவிட முன்னேற்றக் கழகத்துக்காகக் கருணாநிதி 11 லட்சம் திரட்டித் தந்தபோது, சைதாப்பேட்டை வேட்பாளரான அவருடைய பெயரையே அத்தொகையாக அண்ணாதுரை அறிவித்தார். பணத்தால் வேட்பாளர் அறியப்பட்டதை ஒருவர் குறை கூறலாம். ஆயினும் பலரிடம் ஊர் ஊராகத் திரட்டும் நிதி எவர் ஒருவருக்கும் தனிக்கடனாக எஞ்சுவதில்லை. ஆயிரம் பேருக்குப் பட்ட நன்றி பொதுக்கடமையோடு ஏறத்தாழ ஒன்றாகிவிடுகிறது. ஒருவருக்குப் பட்ட நன்றியோ அதனோடு மோதுகிறது.

ஆகவே, நன்றி மறவாதவராகவும் நடுவுநிலை பிறழாதவராகவும் ஒருவர் ஒருசேர வாழ விரும்பினால், யாரிடம் நன்றிக்கடன்படுவது என்பதை அவர் முன்கூட்டியே தேர்ந்துகொள்ள வேண்டும். பெற்ற பிறகு அத்தேர்வுக்கு இடமில்லை. கட்சிகள் தம் பெருங்கொடையாளரின் பெயர்களை, தேர்தல் முடிந்து ஆண்டுகள் கழித்தன்றி, வேட்பாளர் பட்டியலோடு சேர்த்தே வெளியிட வேண்டும் என்று கோருவது இதனால் கணக்குவழக்குச் சீர்திருத்தம் மட்டுமன்று, அறக்கோரிக்கையும் ஆகும். திருச்செங்கோட்டில் வாக்களிப்பவரும் தம் பிரதிநிதியிடம் என்ன செய்வீர் என்று கேட்பதற்கு முன், யாருக்குக் கடன்பட்டிருக்கிறீர் என்று கேட்க உரிமையுடையவர். அதற்கு வெளிப்படையாக விடை சொல்ல முடியாத வேட்பாளர், எத்துணை நல்லவராயினும், நடுவில் நிற்கும் தகுதியை முன்பே பிறரிடம் கொடுத்துவிட்டவர்.