தகப்பன் சாமியும் என் பிசியோதெரபி தங்கச்சியும்



போன வருஷம் ஒரு நாள் தெருவில் நடந்துக்கிட்டிருந்தேன். இடது கால் செருப்பு கழண்டு பத்தடி பின்னாடி கிடக்கு, எனக்குத் தெரியவே இல்ல. ரெண்டு நாளில் அந்தக் கால் இடுப்பு வரைக்கும் மரத்துப் போச்சு. எனக்கு ஏற்கனவே மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். நரம்பின் மேலுறையை நம்ம எதிர்ப்பு சக்தியே தாக்கும் நோய். அது திரும்பத் தலைதூக்கிடுச்சு. அஞ்சு நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏத்தினாங்க. ராத்திரி தூக்கமே வராது, முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே கிடப்பேன்.

வீக்கத்தைத்தான் மருந்து அடக்கும், நடையைத் திரும்பக் கொண்டுவர பயிற்சி வேணும்னு டாக்டர் சொல்லிட்டார். வந்தது ஒரு சின்னப் பொண்ணு, என் தங்கச்சி வயசு. "அக்கா, நாற்காலியைப் பிடிக்காம எந்திரிங்க." அஞ்சு தடவை. அவ்வளவுதான். எனக்குக் கோபம். முருகனுக்கு விரதம் இருக்குறவ, அஞ்சு தடவைதானா? அவ போனதும் நாற்பது தடவை செஞ்சேன், மத்தியான வெயில் நேரத்தில, ஃபேன்கூட போடாம. தவம்னு நினைப்பு!

மறுநாள் பாத்ரூமுக்குப் போக அம்மா தோளைப் பிடிக்க வேண்டியதாச்சு. கண்ணும் மங்கலா இருந்துச்சு.

அந்தப் பொண்ணு திட்டல. உடம்பு சூடானா, சேதமான நரம்பில் செய்தி இன்னும் மெதுவாப் போகும், ஆறினா பெரும்பாலும் சரியாகும்னு விளக்கினா. ஈரத்துணியைக் கழுத்தில் போட்டா. காலையில் மட்டும், நடுநடுவே உட்கார்ந்து செய்யணும். "ஓய்வும் பயிற்சிதான் அக்கா. களைச்சுப் போறதுக்கு முன்னாடியே நிறுத்தணும்."

அன்னைக்கு ராத்திரிதான் சுவாமிமலை ஞாபகம் வந்துச்சு. பிரணவத்தோட பொருளைக் கேட்க சிவபெருமானே பிள்ளை முன்னாடி சீடனா உட்கார்ந்த தலம். அப்பனுக்கே அதில் கூச்சம் இல்ல. நான் யாரு, ஒரு சின்னப் பொண்ணுகிட்ட எப்படி எந்திரிக்கணும்னு கத்துக்க வெட்கப்படுறதுக்கு? இதைப் படிக்கிறவங்கள்ல சிலர் "மருந்தை விட்டுட்டேன், விபூதி போதும்"னு எனக்கு மெசேஜ் பண்றீங்க. கோபிச்சுக்காதீங்க. விபூதி நானும் பூசுறேன், ஆனா மாத்திரையையும் விடல. அறிவைக் குருவா வந்து கொடுக்குற சாமியைக் கும்பிட்டுக்கிட்டு, அந்த அறிவோட வர்றவங்களைத் துரத்துறது எந்த பக்தி?

அப்புறம் நான் ஒழுங்கா இருந்தேன். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குறது, சுவரோரம் கால்விரலுக்கு முன்னாடி குதிகால் வச்சு நடக்குறது, கணுக்காலை நீட்டுறது. மூணு மாசம். சலிப்பான வேலைதான், மறைக்க ஒண்ணுமில்ல. படிக்கட்டுக்கு ஒரு பாடம்: ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது பலவீனமான கால் முதல்ல. இதை நான் மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டே இருந்தேன்.

மார்கழிக் குளிர்ல விடியக்காலையில் அம்மாவோட சுவாமிமலை போனேன். அறுபது படி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தமிழ் வருஷப் பேரு. அம்மாவுக்கு நான் அறுபதும் ஏறணும்னு வேண்டுதல். கிளம்பும்போது அந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லி அனுப்பினா: "இறங்குறதுக்குப் பாதி சக்தி மிச்சம் வைங்க அக்கா."

முப்பத்திரண்டாவது படியில் இடது கால் பெருவிரல் கல்லை உரசிச்சு. பிரபவ முதல் எண்ணினா அது விளம்பி. விளம்பம்னா தாமதம்! சிரிச்சுட்டேன். அங்கேயே ஓரமா உட்கார்ந்தேன். அம்மா முகம் வாடிப் போச்சு. "நீ போய் அர்ச்சனை பண்ணிட்டு வாம்மா, நான் இங்க இருந்தே கும்பிடுறேன்"னேன். மேல மணி அடிச்சுது. அம்மா இறங்கி வந்து நெத்தியில் விபூதி பூசி விட்டாங்க. பலவீனமான காலை முதல்ல வச்சு, கம்பியைப் பிடிச்சு மெதுவா இறங்கினேன்.

அடுத்த கிருத்திகைக்கு மறுபடி போறோம். இந்த முறை அந்தப் பொண்ணும் வர்றேன்னு சொல்லியிருக்கா.

முருகா சரணம்.