விருத்தாப்பியத்தில் படிப்பு எதற்கு?



பிரான்சு தேசத்துத் துலூஸ் பட்டணத்துச் சர்வகலாசாலையில் பியேர் வெல்லாஸ் என்னும் சட்டப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். 1973-ஆம் ஆண்டில் அவர் ஒரு புது ஏற்பாடு செய்தார். வேலையிலிருந்து இளைப்பாறிய முதியவர்களைச் சர்வகலாசாலைக்குள் அழைத்து, பேராசிரியர்களைக் கொண்டே அவர்களுக்கு உபந்நியாசங்கள் செய்வித்தார். கூட்டமாக வெளியூர்களுக்குக் கூட்டிப்போய்ப் பார்க்க வேண்டியவைகளைப் பார்க்கச் செய்தார். பரீட்சையும் கிடையாது, பட்டமும் கிடையாது. இதற்கு 'மூன்றாம் வயதின் சர்வகலாசாலை' என்று பெயர் வந்தது. வளரும் காலம் முதல் வயது, உழைக்கும் காலம் இரண்டாம் வயது, உழைத்து ஓய்ந்த காலம் மூன்றாம் வயது என்பது அவர்கள் கணக்கு. பின்பு இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜிலும், 1983-ல் சீனாவின் ஷாண்டோங் மாகாணத்திலும் இத்தகைய பள்ளிகள் தோன்றின. இன்று உலகத்தின் பல தேசங்களில் அவை நடக்கின்றன.

பிரான்சு தேசத்துக் கதை மாஞ்சோலைக்கு எதற்கு என்பீர்கள். காரணம் இருக்கிறது. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த மலை இது. குத்தகை 2028-ல் முடிகிறது என்பதை முன்னிட்டு 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தோட்டத்துத் தொழிலாளர் எல்லாரிடமும் விருப்ப ஓய்வுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப்பட்டது. அதில் விருப்பம் எவ்வளவு என்பதைச் சர்வேசுரன் அறிவார். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்ற ஐந்து இடத்திலும் 58 வயதுக்காரரும் 45 வயதுக்காரரும் ஒரே நாளில் இளைப்பாறியவர்கள் ஆனார்கள். தோட்டத்து வழக்கப்படி வேலை போனால் லைன் வீடும் போகும். ஆகவே இளைப்பாறுதல் என்ற சொல் சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு ஒரு பொருளும் நமக்கு வேறு பொருளும் உடையது. மலையில் இருக்கிறவர்களும் கீழே இறங்கிவிட்டவர்களும் வாசிக்கிற இந்தத் தாளில், வேலை ஓய்ந்த மனிதனுக்குப் படிப்பு தகுமா என்ற கேள்வியை அதனால்தான் எடுத்தேன்.

தகாது என்பவர்கள் சொல்லும் நியாயங்கள் சாதாரணமானவையல்ல. படிப்பு பிழைப்புக்காக, பிழைப்பு முடிந்தபின் படிப்பு வியர்த்தம் என்பது ஒன்று. வயிற்றுக்கு வழியில்லாதவனிடம் உபந்நியாசம் பேசுவது கேலி என்பது இன்னொன்று. 2014-ல் வருங்கால வைப்பு நிதியின் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டாவது நியாயத்தின் கனம் தெரியும். மூன்றாவது, பக்தியுள்ளவர்கள் சொல்வது: காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது, இந்த வயதில் செபமாலை சொல்லி நன்மரணத்துக்கு ஆயத்தம் செய்வதை விட்டுவிட்டு, பேருந்து ஏறி ஊர் பார்ப்பதா?

இவற்றுக்கு மறுமொழி தேடிக்கொண்டிருந்த நாட்களில் நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் எனக்கு உதவினார். 40 வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். தேயிலை ஆலைக்குள் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. கீழே மகன் வீட்டுக்கு வந்தபின், கல்லூரியில் ரசாயனம் படிக்கிற பேரனிடம் ஒருநாள், "எலே, நாம பறிச்ச பச்சக் கொழுந்து எப்படிலே கறுக்கு?" என்று கேட்டாராம். பேரன் சொன்னான்: பறித்த பின்பும் இலைக்கு உயிர் இருக்கிறது, அது சுவாசிக்கிறது, அதனால் சூடு உண்டாகிறது, வாட வைத்து உருட்டும்போது இலையின் சாறு காற்றோடு கலந்து நிறம் மாறுகிறது, பிறகு அனலில் உலர்த்தினால் அந்த மாற்றம் நின்றுவிடுகிறது. கிழவி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதான் பையில அமுக்காத, அமுக்காதன்னு கங்காணி ஏசுனாரா? சூடேறிக் கெட்டுப்போகும்னா? ஒருத்தரும் சொல்லலியே சாமி" என்று என்னிடம் வந்து சொன்னார்.

அந்தக் கடைசி வார்த்தையை நான் பலநாள் யோசித்தேன். அமுக்காதே என்ற கட்டளையை 40 வருஷம் அந்த அம்மாள் தவறாமல் கைக்கொண்டார். ஏன் அமுக்கக் கூடாது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவுமில்லை. இது ஒரு தோட்டத்தின் குறை மட்டுமல்ல. வயல், ஆலை, அலுவலகம் எங்கும் கைகள் மாத்திரம் கூலிக்கு எடுக்கப்படுகின்றன. அந்தக் கைகளுக்கு உரிய மனிதனுக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை.

சேசுநாதர் சுவாமி கடைசி இராப்போசனத்தின்போது அப்போஸ்தலர்களைப் பார்த்துச் சொன்னதை அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஊழியனுக்கும் சிநேகிதனுக்கும் அவர் காட்டுகிற வித்தியாசம் என்ன? கூலியில் அல்ல, அறிவில். எஜமான் செய்வது இன்னதென்று ஊழியனுக்குத் தெரியாது. பிதாவினிடத்தில் தாம் கேட்டதையெல்லாம் தெரிவித்தபடியால் அவர்களைச் சிநேகிதர் என்கிறார். காரணம் தெரிவிக்கப்படுவது சிநேகத்தின் அடையாளம் என்றால், கட்டளையை மட்டும் கேட்டு ஓர் ஆயுசைக் கழித்தவருக்குப் பிற்காலத்திலாவது காரணம் தெரிவது தருமமாக இடப்படும் பிச்சையா? செலுத்தாமல் நின்றுபோன கடன் என்றே நான் எண்ணுகிறேன்.

பிரயோசனம் என்ன என்ற முதல் நியாயத்துக்கு வருவோம். அந்த மூதாட்டி இனிக் கொழுந்து பறிக்கப் போவதில்லை. இலை எப்படிக் கறுக்கிறது என்று அவர் அறிந்ததால் ஒரு காசு லாபமில்லை. வாஸ்தவம். ஆனால் நமது ஞானோபதேசம் மோட்ச பாக்கியத்தைப் பற்றி என்ன சொல்லுகிறது? அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் விளக்குகிறபடி, சர்வேசுரனை உள்ளபடி கண்டு அறிவதே அந்தப் பாக்கியத்தின் சாரம். அங்கே உத்தியோகம் இல்லை, உற்பத்தி இல்லை, சம்பளப் பட்டியலும் இல்லை. அறிவதற்காகவே அறிகிற சந்தோஷம் அது. இம்மையில் அதன் ருசியைக் கொஞ்சமும் பழகாதவன் அங்கே போய் என்ன செய்வானோ! ஆத்துமத்தில் அறியும் ஆசையை வைத்தவர் சர்வேசுரனே. 58 வயதில் அது அணையும்படி அவர் வைக்கவில்லை.

அதே அர்ச். தோமாஸ் ஓர் எச்சரிக்கையும் தருகிறார். கற்கும் ஆர்வம் புண்ணியம். வீண் விடுப்பு துர்க்குணம். அடுத்த வீட்டுச் சண்டையின் காரணத்தைத் துருவி அறிவதும், பெருமைக்காக அறிவதும் இரண்டாவது வகை. பாதி நாள் தொலைக்காட்சியில் மாமியார் மருமகள் வழக்கைப் பார்க்கிறவர்கள், ஊர் பார்க்கப் போகிறவர்களைப் பார்த்துக் காலவிரயம் என்று சொல்லவேண்டாம்.

செபம் போதாதா என்று கேட்ட பக்தர்களுக்கும் சொல்லுகிறேன். 84 வயது விதவையான அன்னாள் தேவாலயத்தை விட்டு நீங்காதிருந்தாள் என்கிறார் அர்ச். லூக்காஸ். கண்ணை மூடிக்கொண்டு அவள் இருந்திருந்தால், ஏழைத் தாயின் கையிலிருந்த குழந்தையை யார் என்று கண்டுகொண்டிருப்பாளா? முதுமையின் செபத்துக்கும் விழித்த கண் வேண்டும். வயிற்றுக்கு இல்லாதவனிடம் என்ற நியாயத்தை மட்டும் நான் மறுக்கவில்லை. வீடும் ஓய்வூதியமும் முதலில் வேண்டும். அதற்காகக் கேட்கிறவர்கள் தொடர்ந்து கேட்கவேண்டும். ஆனால் ஏழைக்குச் சோறு மாத்திரம் போதும், அறிவு பணக்காரனுக்கு என்று அந்த நியாயத்தை யாராவது நீட்டினால், அதற்கு நான் உடன்படேன்.

கேம்பிரிட்ஜ் பள்ளியைப் பற்றி முன்பு ஒரு வார்த்தையில் கடந்து போனேன். 1981-82-ல் பீட்டர் லாஸ்லெட் என்ற சரித்திர ஆசிரியரும் அவருடைய நண்பர்களும் ஆரம்பித்த அந்த ஏற்பாடு துலூஸ் முறையிலிருந்து மாறுபட்டது. கற்பிக்கிறவர் ஒரு சாதி, கற்கிறவர் ஒரு சாதி என்ற பேதம் அங்கே இல்லை. இன்றைக்கு ஒருவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்வார். நாளைக்கு அவரே மாணவராகக் கீழே உட்காருவார். நமக்கு இந்த முறையே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். விட்டுவிட்டால் மரமாய் ஓங்கி வளரும் தேயிலையை இடுப்பளவில் நிறுத்துகிற கவாத்து வேலை எந்த மாதம், எந்த உயரம், கத்தி எந்தச் சாய்வில் என்பதை நம் முதியவர்களைக் காட்டிலும் யார் சொல்லுவார்? மூடுபனியில் யானை நிற்பதை வாசனையால் அறிகிறவர்கள் நம்மில் உண்டு. 1990-ல் தோன்றி அபிஷேகப்பட்டியில் இயங்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும், பாளையங்கோட்டையில் சேசு சபையார் 1923-ல் நிறுவிய தூய சவேரியார் கல்லூரியிலும் படித்த பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்தக் கட்டடங்களுக்குள் நம் தாத்தா பாட்டிமார் காலெடுத்து வைப்பது பட்டமளிப்பு நாளில், அதுவும் புதுச்சேலை உடுத்தி, கூட்டத்தின் கடைசி வரிசையில். மாணாக்கராக ஒரு நாளும், ஆசிரியராக ஒரு நாளும் அவர்கள் ஏன் போகக்கூடாது?

வெட்கமாயிருக்கிறது என்பீர்கள். சேசு சபையை ஸ்தாபித்த அர்ச். இஞ்ஞாசியார் யுத்த சேவகர். பார்சலோனா பட்டணத்தில் இலத்தீன் இலக்கணம் படிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 33. கூடப் படித்தவர்கள் சிறுபையன்கள். வெட்கப்பட்டு அவர் வீட்டிலிருந்திருந்தால் பாளையங்கோட்டையில் அந்தக் கல்லூரி ஏது?

ஊர் பார்ப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் தாமிரபரணியின் தென்கரையில் ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876-ல் ஜெர்மானியரான யாகோர் என்பவரும், அதற்குப் பின் அலெக்சாண்டர் ரீ என்பவரும் அங்கே தோண்டி, இறந்தோரை அடக்கம் செய்த தாழிகளை வெளியே கொண்டுவந்தார்கள். அதே மாவட்டத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லைச் சோதித்து, அது கிறிஸ்து பிறப்பதற்கு முன் 1155-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2021-ல் அறிவித்தார்கள். கல்லூரிப் பையன் அதைப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போவான். தம் கையால் நாற்று நட்டவரும், புருஷனையோ பிள்ளையையோ மண்ணில் வைத்துவிட்டு வந்தவரும், செத்தவனுக்கு அருகே நெல்லை வைத்த அந்தக் கையைப் பற்றி அவனுக்குத் தெரியாததை அறிந்துகொள்வார்கள். சில பாடங்களுக்குரிய வயது 20 அல்ல, 70. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற ஏற்பாடு 2021-ல் வந்தது. நம் பாட்டிமார் அதில் ஏறிச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

பிள்ளைகளே, மருமக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2021-ல் தாத்தா பாட்டிமாருக்கும் முதியோருக்கும் என்று ஜூலை மாதத்து நான்காம் ஞாயிறை ஏற்படுத்தினார். அன்றைக்கு மாலை போட்டுப் படம் எடுக்கிறோம். மறுநாள் ரேஷன் கடை வரிசைக்கும், பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதற்கும் அனுப்புகிறோம். உதவி செய்வது அவர்களுக்கும் சந்தோஷம்தான். ஆயினும் உங்கள் வீட்டுக் கிழவர் கடைசியாக உங்களிடம் "இது ஏன் இப்படி?" என்று கேட்டபோது நீங்கள் சொன்ன பதில் என்ன? "உங்களுக்கு அது புரியாது" என்பதா?

கேரளத்தில், மலைக்கு அந்தப் பக்கம், கார்த்தியாயினி அம்மாள் என்பவர் 2018-ல் தம் 96-ஆம் வயதில் எழுத்தறிவுப் பரீட்சை எழுதி 100-க்கு 98 வாங்கினார். கொல்லத்துப் பாகீரதி அம்மாள் 105 வயதில் நாலாம் வகுப்புக்குச் சமமான பரீட்சையை எழுதித் தேறினார். சிறுவயதில் தாயை இழந்து பள்ளியை விட்டவர் அவர். இரண்டு பேரும் இப்போது உயிரோடில்லை. இரண்டு பேருக்கும் அந்தப் பரீட்சையால் வேலை ஒன்றும் கிடைக்கவில்லை.

வருகிற ஞாயிறு பூசை முடிந்தபின் முக்கால் மணி நேரம் நாம் கூடியிருப்போம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதியவர்கள் நெடுநாளாய் மனதில் வைத்திருக்கும் கேள்வி ஒவ்வொன்றைக் கொண்டுவரலாம். எனக்கு இதுவரை மூன்று கேள்விகள் வந்திருக்கின்றன. மணிமுத்தாறு அணையின் மதகு எப்படித் திறக்கிறது என்பது ஒன்று. பௌர்ணமி ஏன் ஒரே தேதியில் வருவதில்லை என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வியைக் கொண்டுவந்தவர் 71 வயதுப் பெரியவர். 2024 ஜூன் மாதத்தில் தாம் கையெழுத்துப் போட்ட தாளின் நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். மற்றவர்கள் வாசித்துச் சொல்லக் கேட்டாயிற்றாம். தாமே ஒரு தடவை வரிவரியாக வாசிக்க வேண்டுமாம். அவருடைய தாளிலிருந்தே தொடங்குவோம்.

உங்கள் பங்குசுவாமி