நட்சத்திரம் கொடுத்தால் கடன் தீருமா?

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் மண்டகப்பட்டு என்று ஓர் ஊர். பெரும்பாலும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்திருப்பீர்கள். அங்கே ஒரு பாறையைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயில் எடுத்தான். வடமொழியில் ஒரு கல்வெட்டும் உண்டு. பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் விசித்திரசித்தன் செய்வித்தது என்பது அதன் சாரம். விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர்.

எதைக்கொண்டு கட்டினேன் என்று சொல்லாமல், எதெல்லாம் இல்லாமல் கட்டினேன் என்று பெருமைப்படுகிற கல்வெட்டு! உள்ளே மூன்று கருவறைகளும் இன்று காலி. அங்கே மூவர் இருந்தார்கள் என்பதை அந்த எழுத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

இப்போது கொஞ்சம் தூரமாகப் போகலாம். 340 ஒளி ஆண்டுகள். சிம்ம ராசியின் மகம் நட்சத்திரத்துக்குத் தெற்கே, வெறும் கண்ணுக்குத் தெரியாத மங்கலான நட்சத்திரம் ஒன்று. அட்டவணையில் அதன் பெயர் எச்.டி. 86081. அதைச் சுற்றி ஒரு கிரகம் ஓடுவதை 2006-ல் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தார்கள் என்றால் பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை. யாரும் பார்க்கவில்லை. நட்சத்திரம்தான் லேசாக ஆடியது. நம்மை நோக்கியும் நம்மைவிட்டு விலகியும், நொடிக்குச் சுமார் 200 மீட்டர் வேகத்தில். ரயில் ஊதிக்கொண்டு நெருங்கும்போது ஒரு சுருதி, தாண்டிப் போனதும் வேறு சுருதி கேட்கிறதல்லவா? ஒளியிலும் அப்படி ஒரு மாற்றம் உண்டு. அதை அளந்து, ‘பக்கத்தில் கனமாக ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறது’ என்று கணக்குப் போட்டார்கள்.

அந்த ‘ஏதோ ஒன்று’ குறைந்தபட்சம் ஒன்றரை வியாழன் எடை. நாம் சூரியனிலிருந்து 15 கோடி கிலோமீட்டரில் இருக்கிறோம். அது தன் நட்சத்திரத்திலிருந்து சுமார் 52 லட்சம் கிலோமீட்டரில் வெந்துகொண்டிருக்கிறது. அதன் ஒரு வருஷம் நமக்கு 2 நாள் 3 மணி நேரம் சொச்சம். வாரத்துக்கு மூன்று பிறந்தநாள் வரும், கேக் வாங்கியே சொத்து கரைந்துவிடும். விட்டம் எவ்வளவு? இந்த ஆட்டத்தை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது.

2019-ல் சர்வதேச வானியல் ஒன்றியம், நாட்டுக்கு ஒரு நட்சத்திரம், ஒரு கிரகம் என்று கொடுத்துப் பெயர் வைக்கச் சொன்னது. இந்தியாவின் பங்குக்கு வந்தது இந்த ஜோடிதான். கிரகத்துக்கு ‘சந்தமஸா’ என்று பெயரானது. மேகம் கவிந்தது என்று அர்த்தம் சொல்கிறார்கள். நட்சத்திரத்துக்கு ‘பிபா’.

பிபா என்றால் வங்காளியில் ஒளிக்கதிர். பிபா சௌதுரி (1913-1991) என்ற இயற்பியல் விஞ்ஞானியின் பெயரும்கூட. கல்கத்தாவில் தேபேந்திர மோகன் போஸுடன் வேலை பார்த்தவர். டார்ஜிலிங், சந்தக்ஃபு மலைகளில் போட்டோகிராஃபிக் தட்டுகளை மாதக்கணக்கில் வைத்து, காஸ்மிக் கதிர்கள் அதில் போட்ட கோடுகளை மைக்ராஸ்கோப்பில் அளந்தார்கள். எலக்ட்ரானைவிடச் சுமார் 200 மடங்கு கனமான மேஸான்களின் தடம் தெரிந்தது. 1940களின் தொடக்கத்தில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரைகள் வந்தன. இன்னும் துல்லியமாக அளக்க மேலான தட்டுகள் தேவைப்பட்டன. உலகப் போர். தட்டு வரவில்லை. 1947-ல் இங்கிலாந்தில் செசில் பவல் குழு, நல்ல தட்டுகளை வைத்துப் பை-மேஸானைக் கண்டறிந்தது. 1950-ல் பவலுக்கு நோபல்.

பவல் திருடவில்லை. போஸும் சௌதுரியும் இந்த வழியை முன்பே காட்டியதைப் பின்னால் தன் புத்தகத்திலேயே குறிப்பிட்டார். அந்தக் குறிப்பும் ஒரு நட்சத்திர ஆட்டம்தான். அதைப் பார்த்துத்தான், பக்கத்தில் யாரோ இருந்திருக்கிறார்கள் என்று பல பேர் கணக்குப் போட்டார்கள்.

உயிரோடு இருந்தவரை பெரிய தேசிய விருது எதுவும் அந்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. சூரியன் போன்ற வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகம் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1995-ல். அப்போது அவர் காலமாகி நாலு வருஷம். இறந்து 28 வருஷம் கழித்து ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்திருக்கிறோம். வாங்கிக்கொள்வது யார்?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நட்சத்திரம் நமக்குக் காலணா செலவில்லாத பரிசு. அவருக்குத் தேவைப்பட்டது சில பெட்டி நல்ல தட்டுகள். ‘இது இல்லாமல், அது இல்லாமல் செய்தேன்’ என்று கல்லில் வெட்ட மகேந்திரனால் முடிந்தது. ஏனென்றால் அவனிடம் செங்கலும் மரமும் இருந்தன, வேண்டாமென்று ஒதுக்கினான். நிஜமாகவே இல்லாதவர்கள் அப்படிக் கல்வெட்டு வைப்பதில்லை. மண்டகப்பட்டுப் பாறையை உளியால் கொத்திய ஆட்களின் பெயர்கூட அந்தக் கல்வெட்டில் இல்லை.

அதற்காகப் பெயர் வைத்தது வீண் என்றும் சொல்ல மாட்டேன். கடன் தீரவில்லை. ஆனால் கடன் இருந்தது என்பதாவது ஏட்டில் ஏறியிருக்கிறது. 2019-க்கு முன்னால் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? பெயரைக் கேட்டுவிட்டு ‘யார் இந்த பிபா?’ என்று தேடியவர்கள் உண்டு.

இன்று நமக்கு வந்துசேரும் அந்த நட்சத்திரத்தின் ஒளி, செஞ்சிக் கோட்டை மராட்டியர் கையில் இருந்தபோது கிளம்பியது. சிவாஜி பிடித்தது 1677, மொகலாயரிடம் போனது 1698. வெளிச்சம் வழியில் எங்கேயும் தங்காமல் வந்தே இத்தனை காலம்!

வீட்டில் ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் பை-மேஸானைக் கண்டுபிடித்தது யார் என்று கேளுங்கள். பவல் என்று சரியாகவே சொல்லும், மார்க்கும் கிடைக்கும். அதற்கு முன்னாலேயே டார்ஜிலிங்கில் மேஸான் தடங்களை அளந்தது யார் என்று அடுத்த கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்.