வென்ற பொருள் யாருக்கு?

2004-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் இணைய விளையாட்டில், மோல்டன் கோர் என்ற எரிமலைக் குகைக்குள் 40 பேர் கொண்ட படையொன்று, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் கணினியின் முன் அமர்ந்தபடியே, நெடுநேரம் ஒருமனப்பட்டுப் போராடி, ரக்நாரோஸ் என்னும் அக்கினித் தலைவனை வீழ்த்துகிற கணத்தில்தான் மெய்யான தர்மசங்கடம் பிறக்கிறது. உழைத்தவர் 40 பேர். அவன் விட்டுச்செல்லும் ஆயுதங்களையும் கவசங்களையுமோ விரல்விட்டு எண்ணிவிடலாம். எடுத்தவரோடு அவை பிணைந்துவிடுவதால், பிற்பாடு மனமிரங்கிப் பிறர்க்குக் கொடுக்கவும் அக்காலத்தில் இயலாது. மறுபடி முயல அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டும்.

மாயையான வாளுக்கு இத்தனை விசாரம் எதற்கென்று வேதாந்தி நகைக்கலாம். வாள் மாயைதான், அதைப் பிறன் அடையக் கண்டு எழும் பொறாமை மாயையன்று. வயிற்றுப்பசி என்ற சமாதானத்துக்கு இங்கே இடமில்லாமையால், ஆசையின் சுபாவத்தை ஆராய இதைவிடத் தெளிவான களம் கிடைப்பது அரிது என்றே கருதுகிறேன்.

சிறு குழுக்களில், தனக்கு இன்றியமையாதது என்பவர் 'நீட்' என்ற பொத்தானையும், விற்றுக் காசாக்க விரும்புபவர் 'கிரீட்' என்பதையும், வேண்டாதவர் 'பாஸ்' என்பதையும் அழுத்துவர். 'நீட்' அழுத்தியவர்களுக்குள் 1 முதல் 100 வரை எவருக்குப் பெரிய எண் விழுகிறதோ அவருக்கே பொருள். தான் அணிந்திருப்பதைவிட மேலானதாகவும் தனக்கு உபயோகப்படுவதாகவும் இருந்தாலன்றி 'நீட்' அழுத்தலாகாது என்பது எழுதாச் சட்டம். ஆரம்ப நாட்களில் இயந்திரம் அதை விசாரிப்பதில்லை. ஒருவனது தேவைக்கு அவனுடைய அந்தராத்மாவே சாட்சி. பொய்ச்சாட்சி சொல்லிப் பொருளை வாரிக்கொண்டு ஓடுபவனுக்கு 'நிஞ்ஜா' என்று பெயர். ஒரே சர்வருக்குள் ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்த அக்காலத்தில், அந்தப் பெயர் பரவிவிட்டால், கில்ட் எனப்படும் நிலையான வீரர் சங்கங்களில் நல்லது எதுவும் அவனை அண்டவிடாது.

மனச்சாட்சியை நம்பத் துணியாதவர்கள் கணக்கை நாடினார்கள். 1999-இல் வெளிவந்த எவர்குவெஸ்ட் விளையாட்டில் ஆஃப்டர்லைஃப் என்னும் கில்ட் வகுத்த 'டிகேபி' (டிராகன் கில் பாயிண்ட்ஸ்) முறையில், டிராகன் வேட்டைக்கு வந்தவருக்குப் புள்ளிகள் சேரும். பொருள் பெறும்போது அவை கழியும். புண்ணியம் தீர்ந்ததும் சுவர்க்கத்தினின்று இறங்க வேண்டும் என்னும் நம் பழைய கொள்கையை அவர்கள் அறியாமலே பேரேட்டில் ஏற்றிவிட்டார்கள்! ஆயினும், புண்ணியத்தைச் செலவழிக்காமல் கருமித்தனமாகச் சேர்த்துவைத்து, அரிய பொருள் வரும் நாளில் புதியவனை வாயடைக்கச் செய்யும் தனவந்தர்களும் அந்தப் பேரேட்டிலிருந்தே தோன்றினர்.

வேறு சில கில்டுகள் மூத்தோர் சபையிடம் தீர்ப்பை ஒப்படைத்தன. சிறந்த புல்லாங்குழல் சிறப்பாக ஊதுபவனுக்கே உரியது என்று அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலில் வாதித்தாரே, அதுவே இச்சபையின் சித்தாந்தம்: எவர் கையில் வாள் இருந்தால் படைக்கு அதிகப் பயன் விளையுமோ, அவருக்கே அது. வாதம் குற்றமற்றது, தீர்ப்பளிப்பவர்களும் வாள் ஏந்துபவர்களே என்பதுதான் இடர்ப்பாடு. சபையினரின் சிநேகிதருக்கே எல்லாம் போகிறதென்ற முணுமுணுப்பு எழாத சபை துர்லபம். குறளில் அழுக்காறாமை 17-ஆம் அதிகாரமாகவும், வெஃகாமை 18-ஆம் அதிகாரமாகவும், புறங்கூறாமை 19-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து நிற்பதை நோக்கினால், ஒரு கில்ட் உடைகிற சரித்திரத்தையே வரிசைப்படுத்தி வைத்தாற்போலிருக்கிறது.

2012-இல், வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் வழக்கே எழாதபடி இயந்திரம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பொருளளிக்கும் முறை புகுந்தது. 2018-இல் அதுவே ஒரே முறையாயிற்று. பூசல் பெருமளவு ஓய்ந்தது. ஆனால், தனக்குக் கிடைத்த கவசம் தன்னிடமுள்ளதைவிடத் தரம் உயர்ந்ததாயின், அதைத் தோழனுக்குக் கொடுக்க விதி இடந்தரவில்லை. அபகரிக்கும் வழியை அடைத்தவர்கள் ஈகையின் வழியையும் சேர்த்தே அடைத்துவிட்டார்கள். இது நஷ்டம் என்று அன்று முறையிட்டவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் எல்லாரும் ஈகையைக் கருதி முறையிட்டவர்கள் அல்லர்.

2022-இல் டிராகன்ஃபிளைட் என்னும் விரிவாக்கம் வந்தபோது, ரெய்டு எனப்படும் பெரும்படை வேட்டைகளில் எண் போட்டுப் பங்கிடும் முறை மீண்டது. பூசல்களும் கூடவே திரும்பின. அப்படியிருந்தும் அம்மாற்றத்தை நான் வரவேற்கிறேன். தனக்கும் பொருந்துகிற கவசமொன்றைக் கண்ட பின்னும், வாரக்கணக்காக வெறுங்கையோடு திரும்பும், தோழரின் காயமாற்றும் ஹீலரை நினைத்து 'பாஸ்' அழுத்த ஒருவர் விரும்பினால், அதற்கு இப்போது தடையில்லை.